நாற்பது நிமிஷ வெயில்

கப்பலேறி வந்த மலைத்துண்டு
இருபத்தோரு டன்.
மாதவரத்து யார்டில் கன்டெய்னர் சீல் உடைத்து
நான்தான் எழுதுவேன்:
பிளாக் 0417. இரண்டு மூலை உடைசல். ஈரம்.
பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் ஊர்ப்பெயர்,
பியெத்ராசோலா.
கிரேன் ஓட்டும் முனிரத்தினத்துக்கு அது 'பேத்தராசு'.
"பேத்தராசுலருந்து இன்னிக்கு எத்தினி?"
"நாலு."
"மலைல எதுனா மிச்சம் வச்சானுங்களா?"

ஆபீஸ் சுவரில் குவாரிக்காரன் அனுப்பிய காலண்டர்
ஏழு வருஷமாய் பிப்ரவரியிலேயே நிற்கிறது,
புரட்டினால் ஆணி கழன்றுவிடும்.
பனி. பனிக்குள் பதினோரு புகைபோக்கி.
எண்ணிப் பார்த்திருக்கிறேன், இரண்டில்தான் புகை.
மாதாகோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால்
படிப்படியாய் வெட்டுப்பட்ட மலை,
யாரோ ஒரு பக்கம் மட்டும் தின்றுவிட்டு
எழுந்துபோன கேக் போல.

சரக்கு பார்க்க ஒருமுறை அந்த ஊர்க்காரரே வந்தார்.
பெயர் ஓரேஸ்தே. முழங்கால் வலி.
டீக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை.
அவர் போனிடம் பேச, போன் எங்களிடம் பேசியது
இலக்கணம் பிசகாத, உயிரில்லாத தமிழில்:
"எங்கள் கிராமம் வெயிலுக்குக் காத்திருக்கும் கிராமம்.
குளிர்காலத்தில் பதினொன்றரைக்குத்தான் சூரியன்
முகட்டைத் தாண்டும்.
முதலில் கரி சுட்டார்கள். பிறகு ஆடு.
ஒரு போர் வந்து பாலத்தைக் கொண்டுபோயிற்று.
பிறகு கல்.
என் அப்பா வெட்டிய காலத்தில் முகடு தாழ்ந்தது.
இப்போது பத்து ஐம்பதுக்கே வெளிச்சம்.
நாற்பது நிமிடம் லாபம்.
பெற்றுக்கொள்ள முப்பத்தொரு பேர் இருக்கிறோம்."

முனிரத்தினம் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.
போனை வாங்கி நான் சொன்னேன்:
"கொடுங்கையூர்ல எங்க தெருவாண்டயும் ஒரு மலை கீது சார்.
நாங்க வெட்டல, கொட்டினோம். பட்டணமே கொட்டுச்சு.
நான் அஞ்சாவது படிக்கசொல்ல பனைமர உசரம்.
என் கல்யாணத்தப்போ மொட்டைமாடிய தாண்டிடுச்சு.
காலைல எட்டரை வரைக்கும் எங்களுக்கு நிழல்தான்.
எரியும் சார். மழை பேஞ்சாலும் உள்ளுக்குள்ள எரியும்."
போன் அதை என்னவாக்கிக் கொடுத்ததோ,
ஓரேஸ்தே பயந்தவர்போல் என் தோளைத் தொட்டார்.
"எரிமலையா?" என்றது போன்.
ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

0417ஐ அறுத்தார்கள்.
எட்டாவது பலகையில், வெண்ணெய் நிறத்துக்கு நடுவே,
ஒரு சங்கு.
கட்டைவிரல் அளவு. சுருள் சுருளாய், பழுப்பாய்.
சேட்டு சாக்பீஸால் பெருக்கல்குறி போட்டார்: டிஃபெக்ட்.
காசிமேட்டில் பிறந்தவன் குனிந்து
நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தான்.
"இது நம்மூட்டுச் சரக்கு. இத்த எவன்டா மலைமேல ஏத்துனது?"
பதில் சொல்லும் அளவுக்கு நான் படிக்கவில்லை.
கடல் இருந்த இடம், மலை இருந்த இடம் என்று
ஏதோ ஆரம்பித்தேன்,
அதற்குள் அடுத்த கன்டெய்னர் ஹார்ன் அடித்தது.

பாதி விலைக்கு அவனே எடுத்துப்போனான், தங்கைக்கு.
லீமா ரோஸ் இப்போது அதன்மேல்தான் மீன் நறுக்குகிறாள்,
சங்கரா, வஞ்சிரம், ஞாயிறென்றால் கடம்பா.
அவளுக்குத் திருப்தியில்லை.
"வழுக்குதுண்ணா. மினுக்குக்குத்தான் லாயக்கு.
கவிச்சி போவ புளி தேச்சா
பொசபொசன்னு நொரைக்குது. தொட்டுப் பாரு, பள்ளம்."
தொட்டேன்.
பளபளப்பு செத்து, சொரசொரத்து,
விரல்நுனி மட்டும் இறங்கக்கூடிய ஒரு பள்ளத்தாக்கு
சங்கைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மலையையும் இப்போது தோண்டுகிறார்கள்.
மிஷின் வைத்துச் சலித்து, மண் தனி, பிளாஸ்டிக் தனி.
போன செவ்வாய் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்,
வாசல்படியில் வெயில்.
மணி எட்டு பத்து.
பழக்கதோஷம், டேலி புத்தகத்தில் எழுதிவைத்தேன்:
வரவு இருபது நிமிஷம்.
சீல் இல்லை.
உடைசல் ஏதும் தெரியவில்லை.