ஜாங்கான் பாடாம்

பாயான் லெப்பாஸ். சனி இரவு, மணி ஒன்று இருபது.
பராமரிப்புக்கு எனக்குத் தந்திருப்பது நான்கு மணி நேரம்.
ஆறு சர்வர்கள். அவற்றின் வயிற்றுக்குள்
நூற்று நாற்பத்து மூன்று மெய்நிகர் இயந்திரங்கள்.
பதினெட்டு டிகிரிக் குளிரில்
கணவரின் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு சர்வராகக் காலி செய்கிறேன்.

சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தார்களாம்.
இங்கே அதற்கு மௌஸில் வலது பொத்தான், பிறகு ‘நகர்த்து’.
மூன்றாம் கூட்டிலிருந்து ஐந்தாம் கூட்டுக்குப்
போகிறது சம்பளக் கணக்கு,
எண்ணிக்கொண்டிருந்த எண்ணை விடாமல்.
ஒரே ஒரு பிங் தவறுகிறது.
பாய்ந்தது அதற்கே தெரியாது.

உயிர் போன கூட்டில் புதுப் பதிப்பை ஏற்றி
எழுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.
விசிறிகள் ஓடுதளத்து விமானம்போல் இரைந்து
மெல்ல அடங்குகின்றன.
இந்தப் பதிப்புக்கும் ஆயுள் அடுத்த அக்டோபர் வரைதான்.
அதற்கு மேல் உரிமக் கட்டணம் மும்மடங்கு என்று
திங்கட்கிழமை கடிதம் வந்தது.
‘வேற மென்பொருளுக்கு மாறிடலாமே?’
ஹிஷாம் லிஃப்டில் வைத்துக் கேட்டார்,
நான்காம் மாடி வருவதற்குள் பதில் வேண்டும் என்பதுபோல்.
ஒரு வாரம் இருக்கட்டும் என்று யாரோ எடுத்த ஸ்னாப்ஷாட்
மூன்று தீபாவளி தாண்டி
இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதை அவர் அறிவாரா?

நான்காம் சர்வரில் எல்லாம் கிளம்பிவிட்டன.
ஒன்று மட்டும் நகர மறுக்கிறது.
பெயர்: ஜாங்கான் பாடாம்.
மலாயில், அழிக்காதே.
துணைக்காலை எடுத்துவிட்டால் தமிழில் பாடம்.
அந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்தவில்லை.

உருவாக்கியவர் கோ பெங் ஹாக்,
சிங்கப்பூர் போய் ஏழு வருடம்.
குறிப்பு எழுதும் கட்டத்தில்
ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்.
மாதச் சராசரி வரைபடத்தில்
செத்தவன் நாடிபோல் நேர்க்கோடு.
அதன் சிடி டிரைவ்,
என்றோ தூக்கி எறிந்த சேமிப்புப் பெட்டியிலிருந்த
ஒரு டிஸ்க்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
எடுக்கப் போனால் கேள்வி வருகிறது:
உள்ளே இருப்பவர் பூட்டியிருக்கிறார்,
மீறித் திறக்கவா? ஆம். இல்லை.

பெங் ஹாக்குக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒரு டிக்.
காவலர் தீபேந்திரா கதவைத் தட்டி
பையில் கட்டிய தே ஓ கொடுத்தார்.
இன்னும் முடியலையா என்று கேட்கவில்லை.

நான்கு முப்பத்தைந்து.
நேரம் தீர்கிறது, பொறுமையும்.
அணைத்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?
விரலை வைத்தும்விட்டேன்.
சூடு ஆறாத தே ஓவை ஒரு வாய் குடித்துவிட்டு
அணைக்கலாம் என்று எடுத்தேன்,
நாக்கு சுட்டது, மேசையெல்லாம் சிந்தியது,
துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
நேர்க்கோடு துள்ளி நிற்கிறது.

திரையைத் திறந்தேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின:
கூலிம் 38. நிபோங் திபால் 41.
சுங்கைப்பட்டாணி இரண்டு பஸ்.
இன்று விடுப்பு: நூர்ஹயாத்தி, மலர்க்கொடி.
ஓட்டுநர்களுக்கு அனுப்பியாயிற்று.
பதினோரு விநாடி.
பிறகு மறுபடி செத்துப்போனது,
நாளை நாலு நாற்பது வரை.

ஆம் என்று அழுத்தினேன்.
ஒன்பது நொடியில் பாய்ந்தது.
இருந்தும் ஒரு நிமிடம்
மூச்சு விடாமல் பிங்கையே பார்த்தேன்.

கட்டத்தில் பெங் ஹாக்கின் புள்ளிக்கு முன்னால் எழுதினேன்:
தொழிற்சாலை பஸ், தினமும் 4:40, அணைக்க வேண்டாம்
புள்ளி ஏற்கெனவே இருந்தது.

ஆறரைக்குக் கீழே போனேன்.
பாலம் தாண்டி வந்த பஸ்கள் வரிசையாக நின்றன.
தூக்கம் கலையாத பெண்கள்
கழுத்து அட்டையைத் தேடிக்கொண்டே இறங்கினார்கள்.
ஒருத்தி என் ஜாக்கெட்டைப் பார்த்து,
‘மழையாக்கா உள்ளே?’ என்றாள்.

இன்னும் இரண்டு சர்வர் பாக்கி.
அடுத்த சனி.