நிகர எடை

பகாவ் ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருசமாய் நான்தான் கிராணி.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் வண்டி திரும்பி ஏறும்.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
மிஞ்சுவது பழம்.
மழை நாளில் சேற்றுக்கு இரண்டு சதம் தள்ளுவோம்,
காம்பு நீண்டிருந்தால் இன்னும் ஒன்று.
எந்த வண்டியையும் நான் கேட்டதில்லை
ஏன் இவ்வளவு கனமென்று.

கிளினிக் தராசு நூற்றைம்பதோடு நின்றுவிடும்.
நான் ஏறியதும்
எண்ணுக்குப் பதில் ஒரு கோடு காட்டியது.
மிஸ்ஸி நூராய்னி கெட்டவள் இல்லை.
அட்டையில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவைக் கடித்தபடி நின்றாள்.
எனக்குப் பின்னால் வரிசையில் தண்டபாணி:
"நம்ம லாரித் தராசு சும்மாத்தானே கெடக்கு, ராணி?"
பெஞ்சு முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் முன்னதாகவே.

தண்டபாணிக்கு ஈர்க்குச்சி உடம்பு.
இனிப்பு நீர் பதினெட்டு.
இரண்டு கால்விரல்களைக்
கோலப்பிலா ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவர்.
பொழுது சாய்ந்தால் சாம்சு, விடிந்தால் சிகரெட்.
அவரைப் பார்த்தால்
"பாவம், குடும்பவாகு" என்பார்கள்.
என்னைப் பார்த்தால்
"வாயக் கட்டக் கூடாதா?"

கல்யாண மண்டபத்தில்
என் இலைக்கு மட்டும் பார்வையாளர்கள் உண்டு.
அத்தை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை
ஒன்றின்மேல் ஒன்று போட்டு
"இதுல உக்காரும்மா" என்பார், மண்டபம் கேட்க.
பாயச வாளி என்னைத் தாண்டிப் போகும்,
எனக்கு நல்லது செய்கிற வேகத்தில்.

சரி, கழித்துப் பார்ப்போம்.
ஒன்பது மணி நேர நாற்காலிக்கு எவ்வளவு தள்ளலாம்?
இரவு ஷிப்டுக்கு?
அப்பா விட்டுப்போன ஒரே சொத்தான இனிப்பு நீருக்கு?
ஒரு கட்டு கீரை விலையில்
இரண்டு ரொட்டி சானாய் கிடைக்கிற ஊருக்கு?
நடக்கலாமென்று ஷூ வாங்கிப் போன முதல் நாள்
ஹாரன் அடித்தே கூட வந்த மோட்டார்சைக்கிள்களுக்கு?
சதம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் நான் கிராணி.
அதிகம் தள்ளினாலும் கணக்கு பொய்தான்.
இரவு ஒரு மணிக்கு மேசை இழுப்பறையைத் திறந்து
தின்று தீர்த்த பிஸ்கட் டின் என்னுடையது.
பசியில்லை. யாரும் ஊட்டவுமில்லை.
மிஸ்ஸி கொடுத்த தேதிகளில் மூன்று முறை
போகாமல் இருந்தது அத்தை அல்ல.
பாசா மாலாமில் பீசாங் கோரெங் பொரிகிற எண்ணெய்
என் கையெழுத்து வாங்கித்தான் வந்திருக்கும்,
ஆனாலும் அதைக் கேட்டு வாங்கிய கை வேறு.
இதற்கெல்லாம் எந்தச் சேற்றையும் காட்ட மாட்டேன்.

நேற்றுக் கடைசி லாரி போனபின்
வெளி விளக்கை அணைத்துவிட்டு
செருப்பைக் கழற்றி, மேடையின் நடுவுக்கு நடந்தேன்.
மழை விட்ட இரும்பு, பாதம் சில்லிட்டது.
நாற்பது டன்னுக்கு முனகாதது
எனக்கும் முனகவில்லை.
ஜன்னல் வழியே சிவப்பில் 160.
அதற்கு இருபது இருபதாய்த்தான் எண்ணத் தெரியும்.
கொஞ்சம் கூட இருக்கலாம், கொஞ்சம் குறைய.
அவ்வளவு அலட்சியமாய் என்னை
யாரும் பார்த்ததில்லை. நன்றாயிருந்தது.

ஒரு சீட்டுக் கிழித்தேன்.
ஓட்டுநர்: புஷ்பராணி.
மொத்த எடை எழுதினேன்.
வெறும் வண்டிக்கான கட்டத்தில் பேனா நின்றது,
நூராய்னியின் பேனா மாதிரியே.

காலை ஆறரைக்கு முதல் லாரி, தண்டபாணி.
"எறங்கி ஓரமா நில்லுங்க, உங்க கனமும் சேந்துக்கும்."
"என் கனமா?" சிரித்தார். நொண்டியபடி இறங்கினார்.
"புதன்கிழமை கிளினிக்குக்குப் போறேன்.
வரீங்களா?"
அவர் காலைப் பார்த்தார்.
நான் எண் நிற்கக் காத்திருந்தேன்.
பின்னால் அடுத்த லாரி
ஹாரன் அடிக்கத் தொடங்கியது.