எட்டாம் படி

ஆல்டோனாவில் என் கடை.
பழைய செய்தித்தாள் விற்கிறேன்.
அறுபது நிறைகிறவர்களுக்கு, பொன்விழாத் தம்பதிகளுக்கு
பிறந்த நாளின் தாளைச் சுருட்டிச்
சிவப்பு நாடா கட்டித் தருவேன்.
பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.
வெண்ணெய் விலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு
மறுபடி சுருட்டிக்கொள்வார்கள்.

என் மாதத்துக் கட்டு மட்டும் விற்பனைக்கு இல்லை.
அறுபத்திரண்டு, பிப்ரவரி.
பத்தாம் தேதி பெர்லின் அருகே ஒரு பாலத்தின் நடுவில்
ஒற்றனுக்கு ஒற்றன் மாற்றிக்கொண்டார்கள்.
இருபதாம் தேதி ஒருவர்
பூமியை மூன்று முறை சுற்றிவிட்டுக் கடலில் வந்து விழுந்தார்.
ஆறாம் தேதித் தாளில்,
காலணி விளம்பரத்துக்குக் கீழே, நான்கே வரி:
இந்தியாவில் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடியதாம்,
உலகம் அழியுமென்று குண்டம் வளர்த்து நெய் ஊற்றினார்களாம்,
அழியவில்லையாம்,
வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

அது அச்சான பதினோராம் நாள் இரவு
எல்பெ நதி கரையை உடைத்துக்கொண்டு
வில்ஹெல்ம்ஸ்பர்க்கில் எங்கள் தெருவுக்குள் வந்தது.
அதற்கு யாரும் நாள் குறித்திருக்கவில்லை.

கடைக்கு மேல்மாடியில் எடல்ட்ராவ்ட் பாகல் ஜாதகம் கணிக்கிறாள்.
வாடகைக்குப் பதிலாக எனக்கும் ஒன்று போட்டாள்.
"அங்கே மகரம் என்பார்கள். நமக்குக் கும்பம்.
ஒரு வீடு தள்ளிக் கணக்கு, அவ்வளவுதான்."
சூரியன், புதன், செவ்வாய், குரு, சனி
ஐந்து பேரும் அந்தக் குடத்துக்குள்.
சுக்கிரன் மூன்று நாள் முன்பே மீனத்துக்கு நழுவியிருந்தான்.
சந்திரன் கடகத்தில்.
குடம், மீன், நண்டு என்று
விரல் விட்டுச் சொல்லி வந்தவள்
பென்சிலைக் கீழே வைத்தாள்.
அவளும் அந்தத் தீவுக்காரிதான்.

"நேரம்?"

அம்மாவிடம் நேரம் இல்லை.
கடிகாரம் சமையலறையில் இருந்தது,
சமையலறை தண்ணீருக்குள் இருந்தது.
அவளுக்குத் தெரிந்ததெல்லாம்
தண்ணீர் எட்டாம் படிக்கு வந்தபோது நான் அழுதேன் என்பது.
டிராம் ஓட்டுநர் ட்யார்க் ஓல்சென்
ரொட்டிக் கத்தியைத் தன் சட்டையில் துடைத்துக்
கொடியை அறுத்தார்.
பிறகு கூரைக்குப் போகும் வழியைத் தேடினார்.

வீடு இன்னும் நிற்கிறது.
இப்போது நெவ்ஸாத் என்பவரின் குடும்பம் இருக்கிறது.
எதற்கு என்று கேட்காமல்
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
படி ஒன்றுக்குப் பதினேழு சென்டிமீட்டர்.
துறைமுக அலுவலகத்தில் நீர்மட்டப் பதிவேடு கிடைத்தது,
மணிக்கு மணி.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
ஏழாம் படிக்கு விருச்சிகம் உதிக்கிறது,
எட்டாம் படிக்குத் தனுசு.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பது
மூழ்கியவர்களின் கணக்கு.
எனக்கு ஒரு சாணுக்குள் லக்கினம் மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனேன்.
அம்மா பேரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.
ஏழா, எட்டா, நன்றாக யோசித்துச் சொல் என்றேன்.

"கீழ்வீட்டு கேஷே என் பக்கத்தில் இருந்தாள்," என்றாள்.
"மூன்று வயது. ஈரச் சட்டை.
தூங்கிவிடக் கூடாதே என்று
தண்ணீர் ஏற ஏறப் படியை எண்ணச் சொன்னேன்.
எட்டு என்று அவள் கத்தியபோது நீ வந்தாய்."

அப்படியென்றால் எட்டுதானே.

பேரிக்காயின் காம்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.
"அவளுக்கு எட்டு வரைதான் தெரியும்.
அதற்குப் பிறகும் நெடுநேரம்
எட்டு, எட்டு என்றே
சொல்லிக்கொண்டிருந்தாள்."