ஒரே தையலுக்கு இரண்டு பில்

துரைப்பாக்கத்தில் ஆறாவது மாடி.
ஒஹாயோவில் யாருக்கோ புருவம் கிழிந்து
நான்கு தையல் போட்டது
என் திரையில் இரண்டு முறை வந்தது.
"சார், ஒரே தையலுக்கு இரண்டு பில்" என்றேன்.
கோகுல்நாத் நாற்காலியைச் சுழற்றி
"டோன்ட் பி ஸில்லி, சீலி" என்றார்.
ரைமிங் தானாக அமைந்துவிட்டதில்
அவருக்கே ஒரு சந்தோஷம்.
பதினோரு பேர் சிரித்தார்கள்.
நானும்தான். பன்னிரண்டு.

பெருங்குடி தாண்டி பஸ் நின்றேவிட்டது.
முன்னால் தண்ணீர் லாரி, வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு.
செல்லில் அந்தச் சொல்லைத் தட்டினேன்.
முட்டாள்தனமான. அது தெரியும்.
இன்னும் கீழே உருட்டினேன்.
அதற்கு முன் நலிந்த, நாதியற்ற;
ஆடுகளை அப்படித்தான் சொல்வார்களாம்.
அதற்கும் முன் பாவம், ஒன்றும் அறியாத.
ஆயிரம் வருஷத்துக்கு அடியில்
பாசி பிடித்த கடைசிப் படியில்
பாக்கியம் பெற்ற.

அடப்பாவி, அது என் பெயர்.
பாக்கியசீலி.
சைதாப்பேட்டையில் ஞானஸ்நானத்தன்று
தலையில் தண்ணீரோடு விழுந்த பெயர்.
ஐ.டி. கார்டில் இடமில்லையென்று
பாக்கியத்தை வெட்டிவிட்டு
சீலியை மட்டும் கழுத்தில் மாட்டினார்கள்.

எப்படி இறங்கியிருக்கும் அந்தச் சொல்?
யாரும் பிடித்துத் தள்ளியிருக்க மாட்டார்கள்.
பாக்கியவதி யாரையும் சந்தேகப்பட மாட்டாள்,
சந்தேகப்படாதவளுக்குச் சூது தெரியாது,
சூது தெரியாதவளைப் பார்த்தால் முதலில் இரக்கம்,
இரக்கப்பட்டு இரக்கப்பட்டு அலுத்துப்போனால்
சிரிப்பு.

"விடுடி, நீ ஒரு வெகுளி" என்றாள் ஷபானா
பக்கத்து சீட்டில் முறுக்கை உடைத்தபடி.
அன்பாகத்தான் சொன்னாள்.
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்காக
மனப்பாடம் செய்த ஒன்று
டைடல் பார்க் சிக்னலில் திரும்பி வந்தது:
வெகுளி என்றால் பழைய தமிழில் கோபம்.
நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
கோபத்தை எழுப்பிவிட்டு
அந்த இடத்தில் ஒரு பச்சைப்பிள்ளையை
உட்கார வைத்திருக்கிறார்கள்.
முறுக்கை வாங்கிக்கொண்டேன்.
ஷபானாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் அதே தையல்.
அந்தப் புருவம் இந்நேரம் ஆறியிருக்கும்.
இரண்டாவது பில்லை நிறுத்திவைத்தேன்.
காரணம் எழுதினேன்.
நிறுத்தியவர் யார் என்ற கட்டத்தில்
முழுப்பெயரை அடித்தேன்.
சின்னக் கட்டம்,
பாக்கியத்தோடு நிறைந்துவிட்டது.
சீலி வெளியே நின்றாள்.

பின்னால்
நாற்காலி சுழலும் சத்தம்.