ஏழாம் எபிசோட், பன்னிரண்டாம் நிமிடம்

அவளுக்குப் பனங்களி நிறத்தில் தலைமயிர்.
பத்து நகத்துக்கும் பத்துப் பூச்சு.
ரையை நெஞ்சுக்குக் கீழே தளரவிட்டு
முதலாம் பாடம் முடிகிற நேரத்துக்குப்
பள்ளிக்கூடப் படலைக்குள் நுழைகிறாள்.
ஒருவரும் அடிமட்டம் தூக்கவில்லை.

எங்கள் படலையில் டிலானி அக்கா நிற்பாள்,
மாணவத் தலைவிப் பட்டி குத்தியபடி.
ரிப்பன் மடிப்பு, சொக்ஸ் உயரம்,
காதில் கிடக்கிற தோட்டின் பருமன்.
போன கிழமை கம்சாயினியின் சின்னிவிரலில்
ஒரு பொட்டு ரோஸ் கண்டு
பிளேட்டால் சுரண்டுவித்தாள்.
கம்சா அழவில்லை.
"உவவுக்கு வடிவெண்டா என்னெண்டு விளங்காது" என்றாள்.

நான் அந்தப் படத்துக்குத் தமிழ் எழுதுகிறேன்.
அடியில் ஓடுகிற எழுத்து. காசில்லை.
இரவு பத்துக்குப் பிறகு
கணக்குக் கொப்பிக்குப் பின்னால் போனைச் சாய்த்து
டேட்டா முடியுமட்டும்.
யப்பான் மொழி ஒரு சொல்லும் தெரியாது.
ஆங்கில வரியின் கையைப் பிடித்துக்கொண்டு
அவள் குரல் ஏறுகிற இடத்தில் ஏறி
இறங்குகிற இடத்தில் இறங்குகிறேன்.

ஆறு எபிசோட் லேசாக முடிந்தது.
கடை, மழை, ஒரே குடை, பரீட்சை,
அவளே வெட்டித் தைத்த பாவாடை.
எனக்குப் பிடித்த இடம் அதுதான்.
வாயில் குண்டூசி. பூசிய நகங்கள்
துணிமேல் நண்டு மாதிரி ஓடும்.
வகுப்பே அவளைப் பகட்டுக்காரி என்கிறது.
அந்தத் தையல் எவ்வளவு நேர் என்று
ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

ஏழாவதில் மொட்டைமாடிக்கு ஏறுகிறாள்.
அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் அதைப் பூட்டுவதில்லையாம்.
எங்களுடையதில் தண்ணீர்த் தாங்கியும் காகமும்தான்.
கண்ணாடி போட்ட பெடியன் நிற்கிறான்.
காற்று. அவள் வாய் திறக்கிறாள்.
இரண்டு அசை. ஒன்றரைச் செக்கன்.

"நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று எழுதினேன்.
அழித்தேன்.
கொக்குவிலில் அப்படி ஒரு வசனத்தை
வாயால் சொன்னால் பக்கத்து வீட்டு நாயே சிரிக்கும்.
"எனக்கு உன்னில விருப்பம்."
கிட்ட வந்துவிட்டது. ஆனால் நீ
தம்பியை அதட்டுகிற சொல்.
நீங்கள் என்றாலோ ரியூசன் சேர் வந்து நிற்கிறார்,
கையில் சோக்குக் கட்டியோடு.

நாலு இரவு அவள்
வாய் திறந்தபடியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை, ரியூசன் விட்ட நேரம்,
ஒழுங்கை முடக்கில் யதுசனின் சயிக்கிள் செயின் கழன்றது.
மூன்று வருசம் ஒரே வகுப்பு.
எனக்கென்று அவன் ஒரு சொல் வைத்ததில்லை.
"கொப்பி இருக்கோ", "பஸ் போட்டுதோ",
ஆளில்லாத வசனங்களாகவே கதைப்பான்.
அன்றைக்குக் கிரீஸ் கையை விரித்தபடி நிமிர்ந்து,
"உம்மட்டக் கடதாசி ஏதும் இருக்கோ?"

உம்மட்ட.

சப்பாத்துக்குள், வெள்ளைச் சொக்ஸுக்குள்,
டிலானி அக்கா எட்டாத இடத்தில்
ஊதா பூசிய என் சின்னக் கால்விரல்
தானாக மடங்கியது.
திரிகோண கணிதப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.
துடைத்தான். எறியவில்லை.
மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.
வெள்ளைச் சட்டை. கறை போகாது என்று
சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அன்றிரவு எழுதினேன்:
"எனக்கு உம்மில விருப்பம்."
ஓடவிட்டுப் பார்த்தேன்.
அவள் வாய் திறந்தது, மூடியது,
எழுத்தும் அவளோடு வந்து அவளோடு போனது.

கம்சா பார்த்துவிட்டு,
"என்னடி, இவள் கொண்டாவில் பிள்ளை மாதிரிக் கதைக்கிறாள்" என்றாள்.
பிறகு இன்னொருக்காப் போடச் சொன்னாள்.

எட்டாவதில் அவன் பதில் சொல்லவேணும்.
அதை நான் இன்னும் திறக்கவில்லை.