சாவி என்னிடம்தான்

கோயில் சாவி யாரிடம் என்று
இந்த விரிகுடாவில் நண்டுக்கும் தெரியும்.
வெள்ளிக்கிழமை இருட்டும் முன்பே முதல் தட்டல்:
மேசை விரிக்கணும், திற, ட்ரூஸி.
இரண்டாவது தட்டல் உருளைக்கிழங்கு மூட்டையோடு.
மூன்றாவது, மூட்டையை எங்கே வைப்பதென்று கேட்க.
ஆறு வீட்டு அடுப்புகளுக்கு ஆறு வான்கோழிகளைப்
பங்கு பிரித்து அனுப்பினேன்.
என் வீட்டுக்குப் பெரியது. எப்போதும் அப்படித்தான்.

சனிக்கிழமை மாமனாருக்கு எண்பத்தைந்து.
கேக்கின்மேல் அவருடைய பழைய படகை
வரையச் சொல்லியிருந்தேன்.
கடைக்காரி வரைந்திருந்தது இஸ்திரிப் பெட்டி.
ஹெட்லி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்,
'இதை ஓட்டியா ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்?' என்றார்.
வீடு குலுங்கியது.
பாதிச் சிரிப்பில் நான் எழுந்து போனேன்.
பன்னிரண்டு டஜன் கோப்பைகள்
போன வருடத் தூசியோடு கோயிலில் கிடந்தன.

ஆல்பர்ட்டாவிலிருந்து மூன்று விமானம் மாறி
செல்பி வந்திருந்தான்.
மனைவி மேரிசெல், மணிலாக்காரி,
நான்கு மாதக் கைக்குழந்தை.
சமையலறைக்குள் வந்து, கை கழுவிக்கொண்டு,
எதை உரிக்க வேண்டும் என்று கேட்டாள்.
கேரட்டைக் காட்டினேன்.
மார்போடு கட்டிய துணியில் பிள்ளை தூங்க
ஒரு மூட்டை முழுக்க உரித்தாள்.
அதிகம் பேசவில்லை நாங்கள்.
ஒருமுறை மட்டும்:
இங்கே எப்போதும் இப்படிக் காற்றடிக்குமா?
இல்லை, இன்றைக்குக் குறைவு.

ஞாயிறு காலை காற்று நின்றது.
மூடுபனி இறங்கியது.
மூன்று ஊருக்கும் ஒரே ஆயரம்மா,
அவள் அக்கரையில்.
துறையில் கப்பல் ஓடாது என்று அட்டை தொங்கியது.
ஞானஸ்நானம் பதினொன்றுக்கு.
பதினொன்றரை.
பன்னிரண்டு.
தொட்டியில் ஊற்றிய வெந்நீர் ஆறியது,
வான்கோழியும் ஆறத் தொடங்கியது.
பந்தி முதலிலா, ஜெபம் முதலிலா என்று
வாசலில் வாக்குவாதம்.
சாவி வைத்திருப்பவள் சொல்லட்டும் என்றார்கள்.
சாப்பிடுங்கள் என்றேன்.

நூற்று நாற்பது தட்டு, தட்டுக்கு இருபது டாலர்,
எல்லாம் கூரைக்கு.
ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தோம்.
அதைப் பார்த்துவிட்டு
இன்னும் ஐந்து போட்டவர்களும் உண்டு.

இனிப்பு பரிமாறும்போது வந்து சேர்ந்தாள் ஆயரம்மா,
யாரோ ஒருவரின் நண்டுப் படகில்,
அங்கியின்மேல் மிதவைச் சட்டையும்
தலைமுடியில் உப்புமாக.
கிரேவி வாசனைக்கு நடுவே பெயர் சொன்னாள்.
தண்ணீர் பட்டும் குழந்தை விழிக்கவில்லை.

பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை.
அடக்கப் பதிவேடு
இரண்டாம் புத்தகத்துக்குப் போய்விட்டது.
ஞானஸ்நானப் பக்கத்தில் கடைசிப் பெயர்
ஒன்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிறது,
என் கையெழுத்தில்.
பேனா எழுத மறுத்தது.
உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கி
மையை வரவழைத்தேன்.
ஹனா மிலாக்ரோஸ் ஃபிலியர்.
வசிப்பிடம்?
செல்பி என்னைப் பார்த்தான், பிறகு ஜன்னலை.
ஃபோர்ட் மக்மரி என்று எழுதினேன்.
எங்கள் ஊர்ப் பெயருக்கு அளவெடுத்த கட்டம் அது.
கடைசி எழுத்துகள் ஓரத்தில் வளைந்து ஏறின.

இரவு காசு எண்ணினேன்.
மூவாயிரத்து நாற்பது டாலர்,
ஒரு கோட்டுப் பொத்தான்.
வீங்கிய காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன்.

தட்டல்.

மேரிசெல், கையில் டார்ச்.
விடிந்தால் விமானம்,
குழந்தையின் ஒரு காலுறை
கோயிலுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது.

இருவரும் முழங்காலில் தவழ்ந்து
பெஞ்சுகளுக்கு அடியில் தேடினோம்.
தெருவிலிருந்து யாராவது பார்த்திருந்தால்
பக்தி என்று நினைத்திருப்பார்கள்.
எட்டாம் மேசைக்கு அடியில் கிடந்தது,
கிரேவி பட்டு.
துவைத்து அனுப்புகிறேன் என்றேன்.
வேண்டாம், இப்படியே கொடுங்கள் என்று வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பூட்டினேன்.
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.