எடைத்தாள்

417 என்றுதான் அவளை எனக்குத் தெரியும்.
நீல டப்பாவின் காதில் கட்டிய சீட்டில்
கறுப்பு மையில் மூன்று எண்கள்,
கீழே அவளே போட்ட எடை.
ஏழுக்கு நடுவே ஒரு கோடு இழுப்பவள்.

வினிபெக்கின் கிழக்கு ஓரம்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மீன் ஆலை.
எனக்கு இறக்குமிடத்தில் வேலை.
லாரி வரும், டப்பா இறங்கும்,
தராசு சொல்வதைத் தாளில் எழுதுவேன்.
பிக்கரெல் இவ்வளவு, வெள்ளைமீன் இவ்வளவு.
லாரிக்கூலி, பெட்டிக்கூலி போக
மிச்சம்தான் பிடித்தவருக்கு.

ஜனவரியில் ஏரி தரையாகிவிடும்.
அதன்மேல் வண்டி ஓட்டிப்போய்
இங்கொரு துளை அங்கொரு துளை போட்டு
பனிக்கடியில் வலையை இழுப்பார்களாம்,
ஊக்கு குத்திப் பாவாடைக்கு நாடா கோப்பதுபோல.
நான் பார்த்ததில்லை.
எனக்கு வருவது
கண் வெளுத்த மீன் மட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி.
"நாலு ஒன்று ஏழு" என்றது கரகரத்த குரல்.
"டோரீன் முஸ்வாகன்" என்று பிறகு,
ஏதோ உபரித் தகவல்போல.
"இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ அனுப்பினேன்.
உங்கள் தாளில் இருநூற்று நாலு."

சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்:
வழியில் பனிக்கட்டி உருகும், நீர் வடியும்,
எடை குறைவது வழக்கம்தான்.
"மைனஸ் முப்பத்தெட்டிலா?"
பின்னால் ஒரு நாய், அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம்.
"நான் என்ன தண்ணீர் பிடிக்கவா போனேன்?
மீன் பிடிக்கப் போனேன்."
வைத்துவிட்டாள்.

எட்டு கிலோ.
தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
அவள் ஸ்கிடூவுக்குக் கொஞ்சம் பெட்ரோல்.
என் மகனின் பஸ் பாஸில் பாதிகூட இல்லை.
சின்னத் தொகை.
அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

கோப்பைப் புரட்டினேன்.
டிசம்பரில் குளிர் இறங்கிய நாளிலிருந்து
சீட்டில் எடை போட்டு அனுப்புகிற
எல்லோரும் சற்றே இளைத்திருந்தார்கள்.

மதியம் ரொவெனாவைத் தராசில் ஏறச் சொன்னேன்.
"நான் என்ன பாவம் செய்தேன்" என்றாள், ஏறினாள்.
வீட்டில் காட்டுவதைவிட இரண்டு கிலோ கம்மி.
அவளுக்குப் பரம சந்தோஷம்.
நான் குனிந்து தட்டுக்கடியில் டார்ச் அடித்தேன்.
கழுவிவிட்ட நீர் வடிந்து உறைந்து
விளிம்புக்கும் தரைக்கும் நடுவே
கட்டைவிரல் தடிமனில் பனி.
கொஞ்சம் சுமையை அது தாங்கிக்கொண்டிருந்தது.

யாரும் திருடவில்லை.
திருடியிருந்தால்
திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும்.

சுத்தியலால் உடைத்தார்கள்.
"இனிமேல் சரியாகக் காட்டும்" என்றார்
சூப்பர்வைசர் வால்ட், தாடியைச் சொறிந்தபடி.
இனிமேல் நல்ல சொல்தான்.
போனதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆறு வாரத் தாள்களை நகலெடுத்தேன்.
சீட்டின் எடை, தாளின் எடை, வித்தியாசம்,
அடியில் என் கையெழுத்து.
எண்ணுக்கு ஓர் உறை. தபால்தலை என் காசு.
வேலை போய்விடும் என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை.
போகவில்லை.
பணம் போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
அது வேறு அறை, வேறு கணினி.

பிப்ரவரி கடைசியில் 417 வந்தது.
மூடியைத் திறந்தால் பிக்கரெலுக்கு மேலே
ஒற்றையாய் ஒரு மரியா மீன்.
விலாங்கின் உடம்பு, தவளையின் வாய்,
தாடையில் ஒரே ஒரு மயிர்.
விலைப்பட்டியலில் அதற்கு வரியே கிடையாது.
வலையில் சிக்கினால் பனிமேல் வீசிவிடுவார்களாம்,
அண்டங்காக்கைக்கு.
வாலில் ஒரு சீட்டு:
"இதை எடை போடாதே."

போட்டேன். கை பழகிவிட்டது.
இரண்டு கிலோ முந்நூறு.
எதிலும் எழுதவில்லை.

தோலை உரிக்க இடுக்கி வேண்டியிருந்தது.
ஈரலைத் தனியே மிளகு போட்டு வறுத்தேன்,
மீதியைப் புளியில் விட்டேன்.
"முள்ளே இல்லையே" என்றான் மகன்.
ஒன்றாவது இருக்கும்,
பார்த்துச் சாப்பிடு என்றேன்.